ஜவ்வாது மலையில் சைக்கிள்: முதன்முறை மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சைக்கிளில் மலைப்பயணம் என்றதும் பலருக்கும் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த இரண்டு பெயர்களையும் கொஞ்ச காலம் தள்ளிவைப்பது நல்லது. ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். பின்னால் சுற்றுலா வேன்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, மூச்சைச் சீராக வைத்துக்கொள்ளவோ கியரைப் பழகவோ முடியாது. மலை ஏறக் கற்றுக்கொள்கிறவருக்குக் காலியான சாலைதான் முதல் தேவை. உயரம் பிறகு வரட்டும்.

அப்படிப்பட்ட சாலைகள் தமிழ்நாட்டின் வடக்கில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஜவ்வாது மலையைத்தான் நான் முதலில் சொல்வேன். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. மேலே ஏறிவிட்டால் சாமை வயல்களும் புளியமரங்களும் பலாமரங்களும் சிறுசிறு ஊர்களுமாக ஒரு தனி உலகம். கடைவீதி என்று சொல்லத்தக்க ஊர் ஜமுனாமரத்தூர் ஒன்றுதான். கூட்டம் வராததற்கும் காரணம் இருக்கிறது: மலையின் உயரம் நடுத்தரமானது, குளிர் கொஞ்சம்தான், புகழ்பெற்ற காட்சிமுனைகள் அதிகம் இல்லை. நமக்கு அதுவே வசதி.

எந்தப் பக்கமாக ஏறுவது

மலைமேல் போக ஆலங்காயம், போளூர், செங்கம், அமிர்தி எனப் பல திசைகளிலிருந்தும் வழி உண்டு. புதியவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: வாணியம்பாடியில் தொடங்கி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய் இரவு தங்குங்கள். மறுநாள் போளூர்ப் பக்கம் இறங்குங்கள். முதல் நாள் சுமார் 55 கிலோமீட்டர், இரண்டாம் நாள் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இந்தத் திசைக்குக் காரணம் உண்டு. வாணியம்பாடியே கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காவலூர் சுமார் 725 மீட்டர். ஆகவே பாதி மலையை ரயிலே ஏற்றிவிட்டிருக்கும். போளூர் 200 மீட்டருக்கும் கீழே இருப்பதால், அங்கிருந்து ஏறினால் அதே உயரத்துக்கு நெடுநேரம் மிதிக்க வேண்டும். நீளமான பக்கத்தை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மலைக்குப் போனாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். இரண்டு அடிவாரங்களில் எது உயரமோ, அதுதான் நீங்கள் ஏற வேண்டிய பக்கம்.

தூரத்தைக் கொண்டு திட்டமிடாதீர்கள்

சமவெளியில் 80 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுகிறவர், மலையில் 50 என்றால் அலட்சியமாக நினைப்பார். மலையில் கிலோமீட்டரைவிட ஏறும் மீட்டர்தான் முக்கியம். சைக்கிள் பாதை போடும் செயலிகள் எதை எடுத்தாலும் வழியின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டும். மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறோம், எந்த இடத்தில் செங்குத்து அதிகம் என்ற இரண்டையும் அதில் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 50 மீட்டர் ஏறினால் நிதானமான ஏற்றம். 80 மீட்டர் என்றால் வியர்த்துக் கொட்டும். 100-ஐத் தாண்டினால் புதியவர்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கலாம்.

நேரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. மொத்தத் தூரத்தை மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம் வகுத்துக்கொண்டு, ஏறவேண்டிய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அதன்மேல் டீ, சாப்பாடு, படம் எடுப்பது, பஞ்சர் என்று ஒன்றரை மணி நேரம். வாணியம்பாடியிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு இந்தக் கணக்குப்படி ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் மதியம் ஒரு மணிவாக்கில் போய்ச் சேரலாம்; தாமதமானாலும் மூன்று மணிக்குள் சேர்ந்துவிடலாம். எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் உச்சி வெயிலில் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், காடு பசுமையாக இருக்கும், காலையில் பனிமூட்டம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்து இடிமழை எதிர்பாராமல் வரும். அந்த மாதங்களில் போகிறவர்கள் மதியத்துக்குள் பயணத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள்

புதிய சைக்கிள் வாங்கத் தேவையில்லை. கியர் உள்ள எந்தச் சைக்கிளும் போதும். பார்க்க வேண்டியது மிகச் சிறிய கியர் எது என்பதைத்தான். முன்னால் இருப்பதில் மிகச் சிறிய பல்சக்கரத்தையும் பின்னால் இருப்பதில் மிகப் பெரியதையும் எடுத்துப் பற்களை எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால், உதாரணமாக முன்னால் 34, பின்னால் 34 என்றால், பெடலை ஒரு முறை சுற்றும்போது சக்கரமும் ஒரு முறை சுற்றும். சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். மலையில் இந்த வேகம் போதும். முன்னால் 44, பின்னால் 18 என்று கியர் இல்லாமல் வரும் சைக்கிளில் ஒரே மிதிக்கு ஐந்து மீட்டர் நகர வேண்டும். அதே ஏற்றத்தில் முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். பின் பல்சக்கரம் முன்னதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. வித்தியாசம் அதிகமாக இருந்தால், பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றித் தரும்படி சைக்கிள் கடையில் கேளுங்கள். புதுச் சைக்கிளின் விலையோடு பார்த்தால் செலவு குறைவு. பலனோ மிக அதிகம்.

டயர் 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஒல்லியான டயர் மலைச்சாலையின் சல்லிக்கும் குழிக்கும் தாங்காது. டியூப் வாங்கும்போது, மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ளதை வாங்குங்கள். எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான பம்பு கடைக்காரரிடம் இருக்காது. ரிம்மின் துளைக்கு எந்த வால்வு பொருந்தும் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றி மட்டும் சமரசம் கூடாது. கிளம்புவதற்கு முந்தின வாரமே பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். ரிம்மில் உரசும் ரப்பர்க் கட்டைகளில் குறுக்காகச் சில பள்ளக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகள் தேய்ந்து மறையும் நிலையில் இருந்தால் கட்டையை மாற்றிவிடுங்கள். ரப்பருக்குள் மின்னும் அலுமினியத் துகள்கள் பதிந்திருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள். அவை ரிம்மை அரித்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் உள்ளே இருக்கும் பட்டையின் தடிமனை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியையே மாற்றுங்கள்.

மூட்டையைப் பின்னால் கேரியரில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டுங்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டாம். ஒரு மாற்றுடை, மெல்லிய ஸ்வெட்டர், மழைச்சட்டை, இரண்டு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, ஆறுமுகச் சாவிகள் (ஆலன் கீ), செயின் இணைப்பு ஒன்று, முன் விளக்கு, பின் விளக்கு, முதலுதவிப் பொருட்கள், இரண்டு லிட்டர் தண்ணீர். இவ்வளவு போதும். ஏழெட்டு கிலோவைத் தாண்டினால், மூட்டையை மறுபடி அவிழ்த்துப் பாருங்கள்.

ஓர் ஒத்திகை

ஜவ்வாது மலைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் ஏலகிரி ஏறிப் பாருங்கள். அடிவாரத்தில் பொன்னேரி, அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் அத்தனாவூர். வளைவுகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் புலவர்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். பாரி, காரி, கபிலர், ஔவையார் என்று படித்துக்கொண்டே ஏறுவது எனக்கு மிகவும் பிடித்தமான விஷயம். வார இறுதியில் இங்கே வண்டிகள் அதிகம். வாரநாளில் காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். நின்று நின்றாவது ஏறி முடித்து, கை நடுங்காமல் இறங்கிவிட்டால் ஜவ்வாது மலை உங்களுக்குச் சிரமமாக இருக்காது.

சைக்கிளைக் கொண்டுசேர்ப்பது

ரயிலில் கொண்டுபோவதாக இருந்தால், உங்கள் பயணச்சீட்டைக் காட்டி, பார்சல் அலுவலகத்தில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் நிற்கும் நிலையங்களில் ஏற்றி இறக்குவது நிச்சயமில்லை. எனவே ஜோலார்பேட்டை, காட்பாடி போன்ற சந்திப்புகளைப் பயன்படுத்துங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடி பக்கம்தான். ஹேண்டில்பாரிலும் சட்டத்திலும் பெயர், தொலைபேசி எண், இறங்கும் நிலையம் மூன்றையும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். கியர் இருக்கும் பக்கத்தைச் சாக்குத் துணியால் சுற்றுங்கள். ரயில் புறப்பட ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பாவது அங்கே இருக்க வேண்டும்.

முதல் நாள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் சுமார் 20 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் வேகம் காட்டாதீர்கள். பேசிக்கொண்டே ஓட்டும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். ஆலங்காயத்தில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டு, தண்ணீரை நிரப்பி, வாழைப்பழமும் கடலை மிட்டாயும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு காட்டுப்பாதை, ஏற்றம்.

ஏற்றம் வந்தபிறகு கியரைக் குறைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. சுமை ஏறிய செயினில் கியர் மாற்றினால் கறகறவென்று சிக்கும். சில நேரம் செயின் கழன்றுவிடும். சாலை நிமிரத் தொடங்குவது கண்ணில் பட்டதும், கால் இன்னும் லேசாக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே, சிறு கியரில், ஒரே சீராக மிதியுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், தோள் தளர்ந்திருக்கட்டும். மூச்சு எகிறினால் இன்னும் மெதுவாகப் போங்கள். அதற்கும் மேல் என்றால் இறங்கி ஓரமாக நின்று, தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். தள்ளிக்கொண்டு நடப்பதில் குறை ஒன்றும் இல்லை. பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். முக்கால் மணிக்கு ஒரு முறை ஒரு பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போதும். தண்ணீரில் ஒரு பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்து அதிகம், வெளிப்பக்கம் குறைவு. நமக்கு இடதுபக்கம்தான் எப்போதும். இடப்புறமாகத் திரும்பும் வளைவில் உள்பக்க ஓரம் அமையும். அங்கே முன்னதாகவே மிகச் சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். பஸ் வரும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்று வழிவிடுங்கள். திரும்புவதற்குப் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவைப்படும். குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமே. ஆனாலும் சைக்கிள்காரர் அதை நம்பி நடுவில் நிற்கக் கூடாது.

ஆலங்காயத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் காவலூர். இங்கே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு, நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானமும் ஒரு காரணம். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 முதல் இங்கே வேலை செய்கிறது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பயணத்தை அமையுங்கள். வானியலாளர்கள் தேடி வந்த அந்த இருட்டு சைக்கிள்காரர்களுக்கு ஆபத்து. காட்டில் கரடிகள் உண்டு. சாலையில் விளக்கு கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டுப்பகுதியில் சைக்கிளில் இருக்கக் கூடாது என்பதைக் கட்டாய விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்கும் சாலை. இந்தப் பயணத்தின் மிக அழகான பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். அறுவடைக் காலத்தில் போனால் ஒன்றைக் கவனியுங்கள். சாமைக் கதிரையும் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையின் மேலேயே பரப்பியிருப்பார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் கதிரடிப்பு முடிந்துவிடும். சைக்கிள் டயர் அந்தத் தாளின் மேல் வழுக்கும், தாள் கியருக்குள் சுற்றிக்கொள்ளும். தொலைவிலிருந்தே வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் இடம் இருந்தால் அதில் போங்கள். இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். கதிரைக் காலால் ஒதுக்கித்தள்ள வேண்டாம், அது ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு உணவு.

வழி கேட்கும்போது "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பக்கம்தான்" என்று பதில் வரும், அது ஒரு கிலோமீட்டராகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். "அண்ணே, இங்கிருந்து ஏற்றமா, இறக்கமா? பஸ் போகும் ரோடா?" என்று கேளுங்கள். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் வெளியாரிடம் அதிகம் பேசமாட்டார்கள், உதவி என்று கேட்டால் கைவிடவும் மாட்டார்கள். வீட்டு வாசலில் இருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். தேனோ புளியோ சாமையோ வாங்குவதானால் விளைவித்தவர்களிடமே பேரம் பேசாமல் வாங்குங்கள். மூட்டையில் இடம் இல்லையே என்று கவலைப்பட்டாலும் கால் கிலோ சாமை கட்டாயம் கொள்ளும்.

நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், ஏற்றத்தில் அது நடக்காது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குரங்குகள் இருக்கும் இடத்தில் பையைத் திறக்க வேண்டாம். செல்போன் சமிக்ஞை இல்லாத இடங்கள் உண்டு; வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொண்டு, தங்கும் இடத்தின் பெயரை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசரம் என்றால் 108.

ஜமுனாமரத்தூரில் விடுதிகள் குறைவு. வார இறுதியிலும் கோடை விழா நடக்கும் நாட்களிலும் இடம் கிடைக்காது, முன்பதிவு செய்யுங்கள். போய்ச் சேர்ந்ததும் குளித்துவிட்டு, செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக்கை அன்று மாலையே சரிபாருங்கள், காலை அவசரத்தில் வேண்டாம். பீமன் அருவி பக்கத்தில்தான். மழைக்குப் பிறகுதான் அதில் நல்ல தண்ணீர் இருக்கும்.

இரண்டாம் நாள்: இறக்கம்

முதல் நாள் ஏற்றத்தில் கஷ்டப்பட்டாலும் ஆபத்து குறைவு. இறக்கம் சுகமானது, அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். பனி விலகி, சாலை காயும்வரை காத்திருங்கள். ஏழரை மணிக்குக் கிளம்பினால் போதும். வளைவு வருவதற்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் சாய்ந்தபின் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். நிறுத்தும் சக்தி அதிகம் இருப்பது முன் பிரேக்கில்தான். அதைப் பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் பின்சக்கரம்தான் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து, அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பிடியுங்கள். தொடர்ந்து உரசவிட்டால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க்கும் சூடேறிப் பிடியை இழக்கும். கை வலித்தாலும், பிரேக்கில் கருகிய வாசனை வந்தாலும் நின்றுவிடுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் பொத்துவிடும்.

வளைவில் வெளிப்பக்கக் காலைக் கீழே வைத்து அதன்மேல் பாரத்தைப் போடுங்கள். பார்வை சக்கரத்தின் முன்னால் இருக்கும் குழியின்மேல் நிற்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். எதிரே வரும் பஸ்ஸின் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டே ஒவ்வொரு மூடிய வளைவிலும் மணி அடித்துத் திரும்புங்கள். முதல் முறை என்றால் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இறங்குங்கள். குழுவாகப் போனால் இருவருக்கு நடுவே குறைந்தது 30 மீட்டர் இடைவெளி வேண்டும்.

அத்திமூர் தாண்டியதும் சமவெளிச் சூடு முகத்தில் அடிக்கும். போளூரில் மதியச் சாப்பாடு கிடைக்கும். காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் இருக்கும் ஊர் அது. சைக்கிளைப் பதிவு செய்து ஏற்றக் காட்பாடிதான் வசதி. காலில் தெம்பு இருந்தால் வேலூர் வழியாக ஓட்டியே காட்பாடி போய்விடலாம். இல்லாவிட்டால் போளூரில் ஒரு சிறு சரக்கு வண்டியைப் பேசிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு

இந்தப் பயணம் கைவந்தபின் ஏற்காட்டுக்குப் போகலாம். சேலத்திலிருந்து போகும் 20 வளைவுச் சாலையை விட்டுவிட்டு, குப்பனூர் வழியாக ஏறுங்கள். அதில் வண்டிகள் குறைவு, ஆனால் செங்குத்தான இடங்கள் உண்டு. அடுத்தது கீழ்ப்பழனி மலை: வத்தலக்குண்டுப் பக்கமிருந்து பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி வழியாகப் பண்ணைக்காடு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையை ஜவ்வாது மலைக்கு இணையாக நேசிக்கிறேன். யானையும் காட்டெருமையும் நடமாடும் பகுதி என்பதால் வெளிச்சம் நன்றாக வந்தபிறகே கிளம்ப வேண்டும். வழியில் வனத்துறையினர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் கொல்லிமலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். புதிய பிரேக் கட்டைகள் போடாமல் அந்தச் சாலையில் இறங்க வேண்டாம்.